இடப்பக்கம் ஒரு குழி, வலப்பக்கம் ஒரு குழி

கீழ்த்தாடையில் எனக்கு இரண்டு ஞானப்பற்களும் நேராக எழாமல், முன்னால் இருக்கும் கடைவாய்ப் பல்லின் மேல் சாய்ந்து படுத்திருந்தன. இடப்பக்கத்துப் பல்லை முதலில் எடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து வலப்பக்கம். அதே மருத்துவர், ஏறக்குறைய அதே அறுவை, அதே மருந்துகள். முதல் முறை 16 நாள் அவதிப்பட்டேன். இரண்டாம் முறை ஐந்தாம் நாளே வலி மாத்திரையை நிறுத்திவிட்டேன். நடுவில் மாறியது, பல் எடுத்த இடத்தை நான் பார்த்துக்கொண்ட விதம்தான்.

முதல் முறை நான் எதையும் அலட்சியம் செய்யவில்லை. சொல்லப்போனால் அளவுக்கு மீறிப் பார்த்துக்கொண்டேன். வாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கொப்பளித்தேன், துப்பினேன், டார்ச் அடித்துப் பார்த்தேன், கண்ணில் பட்டதைத் துடைத்தும் விட்டேன். அந்தச் சுத்தம்தான் வினையாக வந்தது. பல் எடுக்கப் போகிறவர்களும், எடுத்துவிட்டு வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவர்களும் இதே தவறைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஞானப்பல் பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கும். அதற்குள் மற்ற பற்கள் எல்லாம் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். கடைசியாக வருகிற இதற்கு இடம் போதாவிட்டால் பாதி ஈறுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் நின்றது. பல்லின் மேல் மூடியிருந்த ஈறுத் துண்டுக்கு அடியில் உணவு போய்த் தங்கும், வீங்கும், வாயைத் திறக்க முடியாது. மாத்திரை சாப்பிட்டால் அடங்கும், சில மாதத்தில் மறுபடி வரும். மூன்றாம் முறை வந்தபோது எடுத்துவிடுவது என்று முடிவானது.

அறுவையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊசி போட்டதும் கீழுதடு, பாதி நாக்கு, தாடை எல்லாம் மரத்துப்போயின. ஈறைக் கீறி, சுற்றியிருந்த எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லை இரண்டாக வெட்டி எடுத்தார்கள். அழுத்துவதும் இழுப்பதும் தெரிந்ததே தவிர வலி தெரியவில்லை. மூன்று தையல். மடித்த காஸ் துணியை அந்த இடத்தில் வைத்து, "நல்லா அழுத்திக் கடிங்க. ஒரு மணி நேரத்துக்கு எடுக்காதீங்க. இன்னைக்கு முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது" என்றார் மருத்துவர். அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார். தலையாட்டிவிட்டு வந்தேன். பாதி முகம் மரத்திருக்கும்போது, எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் இருக்கும்போது, சொல்லுகிற எதுவும் காதில் ஏறாது. அந்தத் தாளை முந்தின நாளே கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். கூட வருகிறவரும் படிக்கட்டும்.

வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரத்தில் காஸைக் குறைந்தது ஐந்து முறையாவது எடுத்துப் பார்த்திருப்பேன். எடுத்த ஒவ்வொரு முறையும் சிவப்பாக இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் எச்சிலில் கலந்தாலே வாய் நிறைய ரத்தம் போலத் தெரியும் என்பது அன்று எனக்குத் தெரியாது. பயந்து துப்பினேன். துப்பத் துப்ப மறுபடி ஊறியது. இரவில் அந்த இரும்பு ருசி தாங்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பைப் போட்டு வாயை நன்றாகக் குலுக்கிக் கொப்பளித்தேன்.

மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்று டார்ச் அடித்தேன். தையல்களுக்கு நடுவே, குழிக்குள், கருஞ்சிவப்பாக ஜெல்லி போல ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அழுகல் என்று நினைத்துவிட்டேன். காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து மெல்ல ஒற்றினேன். நூல் போல இழுபட்டு அதில் ஒரு பகுதி பஞ்சோடு வந்தது. "நோண்டாதேன்னா கேக்கிறியா நீ?" என்று அக்கா பின்னால் நின்று சத்தம் போட்டாள். சுத்தம்தானே பண்ணுகிறேன் என்று மீதியையும் ஒற்றியெடுத்தேன்.

அன்று முழுக்க ஒன்றும் தெரியவில்லை. வீக்கம் இருந்தது, வலி குறைந்துகொண்டே வந்தது. தப்பித்தோம் என்றிருந்தேன். மூன்றாம் நாள் இரவு தொடங்கியது. தாடைக்குள்ளிருந்து விண் விண்ணென்று கிளம்பி காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஏறுகிற வலி. முதலில் காதுவலி என்றே நினைத்தேன். அதுவரை ஆறு மணி நேரம் தாங்கிய மாத்திரை அன்று ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. வாயில் ஒரு கெட்ட வாடை, எச்சிலில் கசப்பு. படுத்தால் கூடியது, உட்கார்ந்தாலும் நிற்கவில்லை. விடியும் வரை கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தேன்.

பல் எடுத்த பிறகு வலி வருவது இயல்பு. ஆனால் அது நாளுக்கு நாள் இறங்க வேண்டும். இரண்டு நாள் இறங்கி, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திடீரென்று ஏறினால் அது வேறு சங்கதி. அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பதில் புண்ணியமில்லை.

காலையில் மருத்துவர் பார்த்ததும் சொல்லிவிட்டார்: "உறைஞ்ச ரத்தக்கட்டி போயிடுச்சுங்க. உள்ளே எலும்பு வெளியே தெரியுது." இதற்கு டிரை சாக்கெட் என்று பெயர், உலர்ந்த குழி. உப்புநீர் மருந்தால் குழியைக் கழுவி, கிராம்பு வாசம் வீசும் மருந்து நாடாவை உள்ளே வைத்து அடைத்தார். அரை மணி நேரத்தில் வலி பாதியாக இறங்கியது. முந்தின இரவு இழந்த தூக்கம் அந்த நாற்காலியிலேயே கண்ணைச் சொருகியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய் அந்த மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இது கிருமித்தொற்று அல்ல, ஆகவே ஆன்டிபயாட்டிக்கை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் தீராது என்றும் சொன்னார். குழியைக் கழுவி மருந்து வைப்பதுதான் வைத்தியம். கொஞ்சம் காலம் பிடிக்குமே தவிர, அடியிலிருந்து புதுச் சதை வந்து எலும்பை மூடிவிடும்.

நான் அழுகல் என்று துடைத்தெடுத்தது அந்த ரத்தக்கட்டியைத்தான். கையில் காயம் பட்டால் மேலே கட்டுப் போடுகிறோம். வாய்க்குள் அப்படிப் போட முடியாது. உடம்பே குழிக்குள் ரத்தத்தை உறையவைத்து ஒரு மூடி செய்துகொள்கிறது. அதன் கீழே எலும்பும் நரம்பு நுனிகளும் காற்றுப் படாமல், உணவு படாமல் இருக்கும். அந்தக் கட்டிக்குள்தான் புதிய ரத்த நாளங்கள் வளர்ந்து, ஒரு வாரத்தில் சிவந்த இளஞ்சதையாக மாறி, பிறகு மாதக்கணக்கில் எலும்பாகும். முதல் இரண்டு மூன்று நாள் அது வெறும் ஜெல்லிதான். உறிஞ்சினால் வரும், வேகமாகத் துப்பினால் வரும், கொப்பளித்தால் கரைந்து கழலும். புகை பிடிக்கும்போது உறிஞ்சுகிற இழுப்பும் அதற்கு ஆகாது, புகையும் ஆகாது. மருத்துவர் கொடுத்த தாளில் இருந்த "கூடாது" எல்லாம் அந்த ஒரு கட்டியைக் காப்பாற்றத்தான் என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால் நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதியை, பயம் வந்ததும் முதலில் மீறுகிறோம்.

வலப்பக்கத்துக்கு முன்கூட்டியே தயாரானேன். ஐஸ் பை இரண்டு, மெல்லிய துண்டு, கூடுதல் தலையணை, தலையணை மேல் விரிக்கப் பழைய துணி, மெல்ல வேண்டாத உணவு, ஸ்பூன். மாத்திரைகளை முந்தின நாளே வாங்கி, எந்த மணிக்கு எது என்று எழுதி ஒட்டியாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஒரு மணி நேரம். வாயைத் திறந்தே, பாத்துக்கோ." பேசவில்லை, எடுத்துப் பார்க்கவில்லை. ஊறிய எச்சிலை விழுங்கினேன். ரத்தம் கலந்த எச்சிலை விழுங்குவது அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் துப்புவதைவிட அதுவே மேல். தாங்கவில்லை என்றால் தலையைக் குனிந்து வாயைத் திறந்து தானாக வழிய விடலாம். ஒரு மணி நேரம் கழித்துக் காஸை எடுத்தபோது நடுவில் ஒரு காசளவு கறை மட்டும் இருந்தது. மறுபடி வைக்கத் தேவைப்படவில்லை. உங்களுக்குக் கசிவு நிற்கவில்லை என்றால், நிமிர்ந்து உட்கார்ந்து, சுத்தமான காஸை ஈரமாக்கி மடித்துக் குழியின் மேலேயே படும்படி வைத்து, இன்னொரு அரை மணி நேரம் விடாமல் அழுத்திக் கடியுங்கள். பக்கத்துப் பல்லின் மேல் வைத்துக் கடித்தால் பயனில்லை. அழுத்தம் குழியின் மேல் விழ வேண்டும். காஸ் இல்லாவிட்டால் தேயிலைப் பையை நனைத்துப் பிழிந்து கடிக்கலாம், தேயிலையின் துவர்ப்பு ரத்தம் உறைய உதவும். இத்தனைக்குப் பிறகும் வாய் நிறைய ரத்தம் வந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

வலி மாத்திரையின் முதல் வேளையை மரப்பு விலகுவதற்கு முன்பே போட்டேன். முதல் முறை வலிக்கட்டும் பார்க்கலாம் என்று இருந்து, வலி ஏறிய பிறகு துரத்திக்கொண்டிருந்தேன். மருத்துவர் எழுதித் தந்தது இபுபுரூஃபனும் பாரசிட்டமாலும். இந்த இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக வேலை செய்வதைவிட நன்றாகக் கேட்கும். பாரசிட்டமால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும் என்பதால் அட்டையைப் படித்துப் பாருங்கள். இபுபுரூஃபனை வெறும் வயிற்றில் போடக் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறிலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது ஈறைப் பொசுக்கிவிடும்.

மரப்பு சில மணி நேரம் நீடிக்கும். அதுவரை எதையும் மெல்லக் கூடாது, உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொண்டால் தெரியாது. சூடும் தெரியாது, வெந்துவிடும்.

ஐஸ் ஒத்தடத்தை முதல் நாள் 20 நிமிடம் வைத்து 20 நிமிடம் எடுத்து, விழித்திருந்த நேரமெல்லாம் செய்தேன். தோலில் நேராகப் படாமல் துண்டில் சுற்றித்தான். இது வீக்கத்தை இல்லாமல் ஆக்காது, குறைக்கும். வீக்கம் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சத்துக்குப் போகும். எடுத்த அன்றைவிட மூன்றாம் நாள் முகம் பெரிதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகு ஐஸுக்கு வேலையில்லை, வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம் இதமாக இருக்கும். கன்னத்தில் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போனதும் தானே மறைந்தது. இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தேன். குனிந்து பாரம் தூக்குவதும் உடற்பயிற்சியும் நாலைந்து நாளைக்கு வேண்டாம்.

சாப்பாட்டில் நான் வைத்துக்கொண்ட கணக்கு சுலபமானது: பல் படாமல் விழுங்க முடிகிறதா, சூடாக இல்லையா, துகளாக உதிராதா. இந்த மூன்றுக்கும் பொருந்தினால் சரி. தயிர், நன்றாக மசித்த காய்கறி, ஆறிய சூப், மசித்த வாழைப்பழம் என்று மூன்று நாள் ஓடியது. எல்லாமே ஸ்பூனால்தான், ஸ்ட்ரா பக்கமே போகவில்லை. விதையுள்ள பழங்களும் நொறுக்குத் தீனியும் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் இரண்டு வாரம் தள்ளி வைத்தேன். தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது. வாய் காய்ந்தால் எல்லாமே மோசமாகத் தெரியும்.

குழியைச் சும்மா விடுவது என்றால் பல்லே துலக்காமல் இருப்பது அல்ல. வாயில் மற்ற இடமெல்லாம் அழுக்கு சேர்ந்தால் அதுவும் குழிக்குக் கேடுதான். அன்று இரவே மற்ற பற்களை மெல்லிய பிரஷால் துலக்கினேன். தண்ணீரை வாயில் எடுத்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, வாஷ்பேசின் மேல் குனிந்து வாயைத் திறந்தேன். தண்ணீர் தானாக விழுந்தது. துப்பவில்லை. குழிக்குப் பக்கத்துப் பல்லை மறுநாளிலிருந்து பார்த்துப் பார்த்துத் துலக்கினேன்.

உப்புநீரை 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் தொட்டேன். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும், படுக்கும் முன்பும். குலுக்காமல், சாய்த்து நிறுத்தி, வழிய விட வேண்டும். முதல் முறை நான் பயன்படுத்தியதும் இதே உப்புநீர்தான். நேரமும் வேகமும்தான் தவறாகிப்போயின. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதித் தந்தால் சொன்ன நாளுக்கு மேல் நீட்டிக்காதீர்கள், பல்லில் பழுப்புக் கறை படியும். சாராயம் கலந்த மவுத்வாஷ் புண்ணில் எரியும், அது வேண்டாம்.

நாலாம் நாள் கண்ணாடியில் பார்த்தபோது குழியின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படலம். முதல் முறையாக இருந்தால் சீழ் என்று குச்சியை எடுத்திருப்பேன். அது ஆறுகிற காயத்தின் மேல் படியும் ஃபைப்ரின் என்ற புரதம். வலி கூடவில்லை, வாடை இல்லை, காய்ச்சல் இல்லை என்றால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்காமல் தாடை பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து, வலிக்காத அளவுக்குத் திறந்து மூடும் பயிற்சியை நாளுக்குச் சில முறை செய்யச் செய்ய இரண்டாம் வாரத்தில் சரியானது. தையல் என் விஷயத்தில் பட்டு நூல், ஏழாம் நாள் பிரித்தார்கள். தானே கரையும் நூல் போட்டிருந்தால் அது ஒன்றிரண்டு வாரத்தில் உதிரும், தொங்கினாலும் இழுக்கக் கூடாது.

ஒரு வாரத்துக்குப் பிறகு உணவு குழிக்குள் போய்த் தங்க ஆரம்பிக்கும். அதற்கு வளைந்த முனையுள்ள பிளாஸ்டிக் சிரிஞ்ச் கொடுத்தார்கள். ஊசி இருக்காது. உப்புநீர் நிரப்பி, மெதுவாகப் பீய்ச்ச வேண்டும். மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்னால் இதைக் கையில் எடுக்காதீர்கள். பல்குத்தும் குச்சி எப்போதுமே வேண்டாம்.

சும்மா விடுவதற்கும் எல்லை உண்டு. மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறினால், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் அடித்தால், சீழ் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தாலோ, நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் வீக்கம் பரவினாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், அது உயிருக்கே ஆபத்தாகலாம். மறுநாளும் உதடோ நாக்கோ மரத்தே இருந்தால் அதையும் சொல்லுங்கள். கீழ்த்தாடை ஞானப்பல்லின் வேருக்கு மிக அருகில் நரம்புகள் ஓடுகின்றன. பெரும்பாலும் உணர்வு மெல்லத் திரும்பிவிடும், ஆனால் மருத்துவரின் கணக்கில் அது இருக்க வேண்டும்.

பல் எடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டியவையும் உண்டு. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்ய வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்களுக்கும் புகை பிடிக்கிறவர்களுக்கும் உலர்ந்த குழி வரும் வாய்ப்பு கூடுதல். என்னிடம் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

வலப்பக்கத்தில் ஈறு மூடிக்கொள்ள ஐந்து வாரம் ஆனது. உள்ளே எலும்பு நிறைய இன்னும் பல மாதம் பிடிக்கும் என்றார்கள். கொஞ்ச நாள் வரை நாக்கு நுனி அந்தப் பள்ளத்தைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தது. இப்போது தேடினால் இரண்டு பக்கமும் வழவழவென்று ஒன்றுபோலவே இருக்கின்றன.

அடுத்த வாரம் அக்காவுக்கு மேல்தாடை ஞானப்பல் எடுக்கிறார்கள். மேல்பல்லின் வேர் முகத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்கு அருகில் இருப்பதால், மருத்துவர் சொல்லும் வரை மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்று தாளில் இருந்தது. இருவரும் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டோம். ஐஸ் பைகளை ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. கடிகாரத்தைப் பார்க்கும் வேலை இந்தமுறை எனக்கு.